ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும்

மார்ச் 4, செவ்வாய்

இல்லை மாப்ள, நீ கதவைச் சாத்தின விதம் சரியில்லை.

என்னோடு பேசமாட்டாய், சரி. பதினோரு வருஷமாகப் பேசாதவன் இன்றைக்கு மட்டும் பேசவா போகிறாய் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் கதவு உனக்கு என்ன செய்தது? நான்தான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? பியூலா சிஸ்டர் உனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அய்யா இருமினாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே கிளிப்பைப் போட்டு நிறுத்திறணும், சரிங்களா?" என்றார். நீ தலையைக்கூட ஆட்டாமல் நின்றாய். அதனால்தான், "அவன் டிரைவர் சிஸ்டர், ஹாரன் அடிச்சாத்தான் காது கேக்கும்" என்றேன். சிஸ்டர் சிரித்தார். உன் அக்கா ராக்கம்மாள் கூடச் சிரித்தாள். நீ கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டாய்.

இந்த நோட்டு சண்டை போடுவதற்குக் கொடுத்ததில்லை, தெரியும். என் இடது நுரையீரலில் புற்று. அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது. கோத்தால் நாலு அடி நடக்க முடியாது, நாலு வார்த்தை பேச முடியாது. போன வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் விலாவுக்குள் ஒரு டியூப்பை வைத்து, வாயில் மூடி போட்டு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி அதில் பையை மாட்டி வீட்டிலேயே நீரை இறக்க வேண்டும். நீர் இறங்கினால் மூச்சு வரும். புற்று அப்படியேதான் இருக்கும். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், நானும் மறைக்காமல் கேட்டுக்கொண்டேன்.

யார் இறக்குவது? ராக்கம்மாளுக்குக் கை நடுக்கம். காபி டம்ளர் என்னிடம் வந்து சேர்வதற்குள் பாதி காபி தரைக்குப் போய்விடும். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. சிஸ்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். அதனால் ராக்கம்மாள் அடுத்த தெருவுக்குப் போய் உன் வீட்டு வாசலில் நின்றாள். நீ சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாய். வந்து கை கழுவினாய்.

எவ்வளவு இறங்கியது, என்ன நிறம், வலி உண்டா என்று இந்த நோட்டில் எழுத வேண்டும். நீ எழுதியிருக்கிறாய்: "800 மில்லி. மஞ்சள்." மிச்சப் பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. நான் ஆறாம் வகுப்பு வரைதான் என்றாலும் கண்டக்டராக டிக்கெட் புத்தகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுதின கை. எழுதுகிறேன். நீ படித்துத்தான் ஆக வேண்டும். நாளை மறுநாள் அளவை எழுத இதே நோட்டைத்தான் திறக்க வேண்டும்.


மார்ச் 6, வியாழன்

750. மஞ்சள்.

இன்றைக்கு நடந்ததை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன்.

பை பாதி நிறைந்தபோது விலாவுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. புற்று குரல் நரம்பையும் அமுக்குகிறதாம். மதுரை பஸ் நிலையத்தில் பத்து வண்டிக்குக் கேட்கும்படி ஊர் பெயர் கூவின தொண்டை இது. இப்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கே எட்டவில்லை.

கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

உடனே கிளிப்பைப் போட்டாய். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வலி அடங்கியதும் இரண்டு தட்டு தட்டினேன். திறந்தாய். யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒற்றை விசில் நிற்க, இரட்டை விசில் போக. இருபத்தாறு வருஷம் ஒரே வண்டியில் நீ முன்னால், நான் பின்னால். சண்டை வந்த பிறகும் நான் ஓய்வு பெறும் வரை பத்து மாதம் அதே வண்டிதான், விசிலைத் தவிர நமக்குள் வேறு பேச்சில்லை. பயணிகள் யாருக்கும் தெரியாது. வண்டி நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தது.

சிஸ்டருக்குப் போனில் சொன்னேன், எங்களுக்குள் சிக்னல் செட் ஆகிவிட்டது என்று. நல்லது அய்யா என்றார். அவர் நாம் சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.


மார்ச் 7, வெள்ளி

முருங்கைக்காய் சாம்பார். பாதியைச் சாப்பிட்டேன், பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


மார்ச் 9, ஞாயிறு (காலண்டர் தாள்)

இதை நோட்டில் எழுதவில்லை. நோட்டு மாப்ள கோட்டைச்சாமியின் கண்ணில் படும். ராக்கம்மாள் கிழித்துப்போடும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தலையணை உறைக்குள் வைக்கிறேன்.

சுகந்தி ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். கோட்டைச்சாமியின் ஒரே மகள். எனக்கு மருமகள் முறை. என் மடியில் உட்கார்ந்து என் விசிலை ஊதி எச்சிலாக்கி வளர்ந்தவள்.

"மாமா, கொரலே மாறிப்போச்சே."

"புதுசா மாத்திருக்கேன். இது எப்பிடி இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பா வாரார்ல? பேசுறாரா?"

"பேசாம வாரான். அது அவனுக்கு ஒரு வசதி. நான் திட்டுறது அவன் காதுல விழுகாத மாதிரி இருந்துக்கிறலாம்."

"மாமா... நான் ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்த்தா. நான் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்" என்று வைத்துவிட்டேன். அதற்கு மேல் மூச்சு இல்லை.

அவள் நிச்சயதார்த்தத்தைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், சிவகாசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மண்டபத்தில் இருநூறு பேர். பெண் வீட்டுப் பத்திரிகையை வாசிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள், குரல் பெரிய குரல் என்று. சீர் வரிசை வாசித்துக்கொண்டே வந்தேன். கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, குத்துவிளக்கு இரண்டு, மாப்பிள்ளை தலையில் இருப்பது காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஊக்கு ஒரு டஜன்.

மாப்பிள்ளைக்கு வைத்த முடி. ஆயிரம் தலையைத் தினம் பார்க்கிற கண்டக்டருக்கு அது தெரியாதா? மண்டபம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். தட்டு மாற்றவில்லை. கோட்டைச்சாமி அவர்களுடைய வேன் வரைக்கும் போய்க் கை கூப்பி நின்றதை நான் மண்டப வாசலில் இருந்து பார்த்தேன்.

வாய்க்கொழுப்பு பிடித்தவன், மச்சினன் மகளின் வாழ்க்கையில் விளையாடிவிட்டான் என்று ஊர் சொன்னது. ஆமாம் என்றேன். ஊருக்கு அது போதும்.

இந்தத் தாளிலும் மிச்சத்தை எழுத மாட்டேன். நிச்சயத்துக்கு முதல் நாள் ஒரு பிள்ளை என்னிடம் அழுதுகொண்டே வந்தது என்பதோடு சரி. அந்த மாப்பிள்ளைப் பையன் போனில் அவளை என்னென்ன கேட்டான், யார் யாரோடு பேசுகிறாய் என்று எப்படி மிரட்டினான் என்பதெல்லாம் அவள் சொத்து. "அப்பாக்குத் தெரிஞ்சா செத்துருவாரு மாமா, சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

இப்போது என் கணக்கு என்னவென்றால், குரல் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசிவிட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கும். உண்மையைச் சொன்னால் நாளைக்கே பேசிவிடுவான். சொல்ல முடியாது. கிண்டல் செய்து செய்துதான் அவன் வாயைத் திறக்க வேண்டும்.


மார்ச் 11, செவ்வாய்

700. மஞ்சள்.

சிஸ்டர் வந்து நோட்டைப் புரட்டினார். "அய்யா, நான் அளவு எழுதச் சொன்னேன். நீங்க தபால் எழுதிட்டு இருக்கீங்க."

"தபால் போய்ச் சேருது சிஸ்டர். பதில்தான் வரல."

நீ பையைக் கழற்றிக்கொண்டு இருந்தாய். காது சிவந்தது. பார்த்தேன்.

சிஸ்டர் சொன்னதை எழுதிவைக்கிறேன், ராக்கம்மாள் மறந்துவிடுவாள். மூச்சு முட்டும்போது படுக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் தலையணையைப் போட்டு அதன் மேல் கவிழ்ந்துகொள்ள வேண்டும். சின்ன மேஜை ஃபேனை முகத்துக்கு நேராக வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துகொண்டு சிறு மடக்காகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறும். டியூப்பைச் சுற்றிச் சிவந்தாலோ, நீர் கலங்கி நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அவருக்கு உடனே போன்.

போன வாரம் வந்தபோது மார்பின் என்றொரு மாத்திரை கொடுத்திருந்தார். உன் அக்கா பயந்துபோய், "அது கடைசி மாத்திரைம்பாங்களே" என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா. கொறஞ்ச அளவுதான். மூச்சுத் திணறல் அடங்கும், நிம்மதியா உக்காந்திருப்பாரு. எத்தனையோ பேரு மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு நடமாடுறாங்க."

அது சரிதான். மூச்சு இறங்குகிறது. ஆனால் மற்றது இறங்கவில்லை, மூன்று நாளாக. அதற்கும் ஒரு சிரப் உண்டாம். முதலிலேயே கொடுத்திருக்கலாம். மாப்ள, நீ இறக்குவது ஒரு பக்கத்தைத்தான், மறுபக்கத்துக்கும் ஒரு டியூப் போடலாம் என்றேன். உன் உதட்டு ஓரம் ஆடியது. சத்தியமாக ஆடியது. உடனே பையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்விட்டாய்.


மார்ச் 13, வியாழன்

எழுதத் தெம்பில்லை. காலையில் இருமலோடு ரத்தம். சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், கறுப்புத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், வெள்ளையில் பார்த்தால் கொஞ்சமும் நிறையத் தெரியும், பயம் வரும் என்று. ராக்கம்மாள் எனக்குச் சபரிமலைத் துண்டு வாங்கி வைத்திருந்தாள். மாலை போடாமலே இருமுடி கட்டிவிட்டேன்.


மார்ச் 14, வெள்ளி

மதுரையில் டாக்டர் பார்த்தார். ரத்தம் நிற்கக் கதிர் பாய்ச்சும் கரண்ட் வைக்கலாம், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் என்றார். ரத்தமும் இருமலும் குறையும், அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும் என்றார். அவ்வளவே எனக்குப் பெரிசு.


மார்ச் 17, திங்கள்

வாடகைக் காரை யார் ஓட்டுவது என்று உன் அக்கா யோசித்துக்கொண்டிருந்தபோது நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாய்.

நெஞ்சில் கலர் பேனாவால் கோடு போட்டார்கள், கேரம் போர்டு மாதிரி. குளிக்கும்போது அழிக்கக் கூடாதாம். மெஷினுக்கு அடியில் அசையாமல் படுக்க வேண்டும். வலியே இல்லை. அதற்குப் போய்த் திரும்பும் ஐம்பது ஐம்பது கிலோமீட்டர்தான் உடம்பை முறிக்கிறது.


மார்ச் 19, புதன்

மூன்று நாளாக ஒன்றைப் பார்க்கிறேன். சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

நம் வண்டி ஓடின அதே ரோடு. இப்போது நாலு வழிச் சாலை, கார் நூறில் போகலாம். நீ காரியாபட்டி விலக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கிறாய். வலையங்குளம் வந்ததும் குறைக்கிறாய். அங்கே கை நீட்ட ஆள் இல்லை, நிழற்குடை கூட இல்லை. உன் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டிவிட்டுப் போனான்.

நான் பின் சீட்டில் கறுப்புத் துண்டோடு சாய்ந்து கிடந்தேன். ராக்கம்மாள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உன் சீட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். ஏற்றியாச்சு, போகலாம்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். முழுதாக இரண்டு மூச்சு நேரம் பார்த்தாய். பிறகு கியரை மாற்றினாய்.


மார்ச் 21, வெள்ளி

ஐந்தாம் கரண்ட் முடிந்தது. ரத்தம் நின்றிருக்கிறது. விழுங்கினால் நெஞ்சுக்குள் எரிகிறது. கூழ் மட்டும்.


மார்ச் 23, ஞாயிறு

தூங்கினேன். விழித்தேன். மறுபடி தூங்கினேன்.


மார்ச் 25, செவ்வாய்

400. மஞ்சள்.

நீர் குறைகிறது. தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே வந்தால் டியூப்பையே எடுத்துவிடலாம் என்று சிஸ்டர் சொன்னார். டியூப்பை எடுத்துவிட்டால் நீ எதற்கு வருவாய் என்று யோசித்தேன். எல்லோரும் சீக்கிரம் குறையட்டும் என்று வேண்டுவார்கள். நான் இன்றைக்குப் பையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றிருந்தேன். இதை சிஸ்டர் படிக்க வேண்டாம்.

காலையில் ராக்கம்மாளிடம் கண்ணாடியைக் கேட்டேன். தண்ணீரைக் கொண்டுவந்தாள். மறுபடி கேட்டேன். போர்வையைக் கொண்டுவந்தாள். என் பேச்சு அவளுக்கே எட்டவில்லை என்றால் இனிமேல் நாள் குறைவு. கிண்டலும் தீர்ந்துபோய்விட்டது, மாப்ள. களைப்பாக இருக்கிறது. ஆகவே நேராக எழுதிவிடுகிறேன்.

நிச்சயதார்த்தத்தில் நான் பேசியது தப்பு. யாரும் சொல்லிப் பேசவில்லை. என் வாய்க்கொழுப்பு. கூட்டத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது. உன்னை வேன் முன்னால் கை கூப்பி நிற்கவைத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கிண்டல் இல்லை.

உன் மச்சான் சோலையப்பன்.


மார்ச் 27, வியாழன்

நீ வந்ததும் நோட்டைத் திறந்தாய். படித்தாய். மூடினாய். கை கழுவினாய். கையுறை போட்டாய். மூடியைக் கழற்றி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாய், பையை மாட்டினாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பேனாவை எடுத்து நின்றுகொண்டே எழுதினாய், கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டுப் போனாய்.

நீ எழுதியது இது:

"350. மஞ்சள். மேலே எழுதியிருப்பது பொய்."

பதினோரு வருஷத்தில் நீ எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் பொய்யன் என்று.


மார்ச் 28, வெள்ளி (காலண்டர் தாள்)

சுகந்திக்குப் போன் போட்டேன். என் பேச்சு அவளுக்குப் புரிய நாலு தடவை ஆனது.

"நீ... அப்பாட்ட... சொல்லிட்டியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அதத்தான் மாமா அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க போனை வச்சுட்டீங்க. சொல்லி நாலு வருசமாச்சு. பாப்பாவோட மொத பொறந்த நாளுக்கு அப்பா வந்திருந்தப்ப சொன்னேன். ஒங்க மேல தப்பில்ல, நான்தான் கெஞ்சுனேன்னு எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன... சொன்னான்?"

"கையில வச்சிருந்த தட்டைக் கீழ வச்சுட்டு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு. ராத்திரி வண்டிக்கு ஊருக்குக் கெளம்பிட்டாரு. நான் நெனச்சேன், ஒங்களப் பாக்கத்தான் ஓடுறாருன்னு."

நாலு வருஷம். அடுத்த தெரு. எழுபத்தைந்து அடி இருக்குமா? இருவரும் ஒரே கடையில் பால் வாங்குகிறோம்.

நான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்த ஏழு வருஷம் எனக்குப் புரிகிறது. இல்லை என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்த நாலு வருஷம் புரியவில்லை. வெட்கமாக இருக்குமோ? ஆனால் அவன் முகத்தில் வெட்கத்தை நான் பார்த்திருக்கிறேன், இது அது இல்லை.

சுகந்தி பிறகு தானாக ஒருவரைத் தேர்ந்து அப்பாவிடம் சொன்னாள். அந்தக் கல்யாணத்தைக் கோட்டைச்சாமிதான் முன்னால் நின்று நடத்தினான். எனக்குப் பத்திரிகை வரவில்லை. ராக்கம்மாள் மட்டும் போனாள். திரும்பி வந்து, இலையில் என்னென்ன வைத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். வடை இரண்டு வகை.


மார்ச் 29, சனி

300. மஞ்சள்.




மார்ச் 31, திங்கள்

சிஸ்டரிடம் கேட்டேன், ஒரு நாள் மட்டும் குரலைக் கொஞ்சம் கூட்டித் தர ஊசி ஏதாவது உண்டா என்று. தொண்டையில் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது, மதுரை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன், ஆனால் உங்களுக்கு இப்போது இருக்கும் தெம்பில் யோசிக்க வேண்டும் என்றார். "அது வரைக்கும், பேச வேண்டியதை நீர் இறங்கின உடனே பேசுங்க அய்யா. அப்பத்தான் மூச்சு நெறையா இருக்கும். ஒரு நேரத்துக்கு ரெண்டு வார்த்தை. கழுத்தை இடது பக்கமாத் திருப்பிப் பேசிப் பாருங்க."

முப்பத்தைந்து வருஷம் வலது பக்கம் திரும்பி டிக்கெட் கேட்டவனை இடது பக்கம் திரும்பச் சொல்கிறார்.


ஏப்ரல் 1, செவ்வாய்

250. மஞ்சள்.

இதை நோட்டிலேயே எழுதுகிறேன். இனிமேல் காலண்டர் தாள் எதற்கு?

நீர் இறங்கி முடிந்தது. கிளிப்பைப் போட்டாய், பையைக் கழற்றினாய், புது மூடியை மாட்டினாய். பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தபோது கழுத்தை இடது பக்கம் திருப்பினேன். குரல் வந்தது. நல்ல குரல் இல்லை, தகரத்தைத் தேய்த்த மாதிரி. இருந்தாலும் வந்தது.

"சுகந்தி... சொல்லிட்டாளாம்ல."

உன் விரல் பிளாஸ்திரியின் மேலேயே நின்றது.

"தெரிஞ்சும்... நாலு வருசமா... ஏன்டா?"

"பேசாதீங்க. மூச்சு வாங்கும்" என்றாய்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு உன் குரல். நீயும் கிழவனாகிவிட்டாய், மாப்ள. நான் சிரித்தேன், இருமல் வந்தது. தலையணையை எடுத்து என் நெஞ்சோடு வைத்து அழுத்திப் பிடித்தாய், சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"ஒன்ன பேச வைக்க... பதினோரு வருசம். பேசுன மொத வார்த்தை... பேசாதங்குற."

நீ நாற்காலியில் உட்காரவில்லை. கட்டில் ஓரத்தில், என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். சன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாய்.

"எம்பிள்ள என்னையப் பாத்துப் பயந்திருக்கா மச்சான். வேணாம்ங்கிற ஒத்த வார்த்தைய எங்கிட்டச் சொல்ல அவளுக்கு வாய் வரல. ஒங்ககிட்ட வந்து சொல்லிருக்கா. அது தெரிஞ்ச அன்னைக்கு நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்கிறது? சரி, அவ சின்னப் பிள்ள. நீங்க?"

"சத்தியம்... வாங்கிட்டா."

"சத்தியம் வாங்குனா? என்னையத் தெரியாதா ஒங்களுக்கு? இருபத்தாறு வருசம் ஒங்க விசிலக் கேட்டு வண்டி ஓட்டுனேன். ஒத்த விசில் வந்தா நிப்பேன். ஏன் நிக்கணும், பின்னால எவன் தொங்குறான், எதுவும் கேட்டிருக்கனா? என்னைக்காச்சும் திரும்பிப் பாத்திருக்கனா? அன்னைக்கு மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி, காரணமே சொல்ல வேணாம், மாப்ள இந்த எடம் வேணாம்டான்னு ஒரு விசில் குடுத்திருந்தா நான் நிறுத்திருப்பேன்ல? நானே நிறுத்திருப்பேன் மச்சான். எல்லாரும் சிரிச்சு, அவுக எந்திரிச்சு, நான் கையக் கூப்பி... அவ்வளவும் எதுக்கு?"

உன் குரல் அந்த இடத்தில் அறுந்தது. என் குரல் அறுந்தால் அது புற்று. உன்னுடையது ஏன் அறுந்தது என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்டது சரி. பதினோரு வருஷமாக நானும் என்னைக் கேட்காத கேள்வி அது. ஊர் என்னைத் திட்டியபோதெல்லாம், உண்மை தெரிந்தால் இவர்கள் மாலை போடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது எனக்கு. நீ அதைப் பிடுங்கிவிட்டாய். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சைச் சேர்த்தேன். கழுத்தைத் திருப்பினேன்.

"மாப்ள... விசில் குடுத்திருக்கலாம்தான். ஆனா அந்தப் பத்திரிகைய... கையில வாங்குனதும்... இருநூறு பேரு... எனக்கு..."

நீ எழுந்துவிட்டாய்.

பையைத் தூக்கினாய், நோட்டைத் திறந்து 250 என்று எழுதினாய். கண்ணைத் துடைக்காமல் எழுதியதால் ஐந்தின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை ஊறியிருக்கிறது. சிஸ்டர் கேட்டால் நான் என்ன சொல்லட்டும், டியூப் கசிந்தது என்றா? பிறகு வாசலுக்கு நடந்தாய்.

கட்டிலை ஒரு தட்டு தட்டினேன். ஒற்றை.

நீ நிற்கவில்லை. மறுபடியும் தட்டினேன். படியிறங்கிவிட்டாய். இருபத்தாறு வருஷத்தில் என் ஒற்றை விசிலுக்கு நிற்காமல் போனது இதுதான் முதல் தடவை.

ராக்கம்மாள் வாசலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "என்னங்க, தம்பி ஒங்க செருப்ப மாட்டிட்டுப் போறான். அவன் செருப்பு இங்க கெடக்கு" என்றாள்.

என்னுடையது ஏழு, உன்னுடையது ஒன்பது. அடுத்த தெரு வரைக்கும் அதோடு எப்படி நடந்தாய் என்று தெரியவில்லை.